நான்காம் அட்டவணை

ஸ்ட்ராத்ஃபீல்ட், சிட்னி
3 மே 1975

சந்திரவதனாவுக்கு,

உன் விலாசத்தை நார்த்மீட்டில் இருக்கும் யோகா தந்தாள். நான் வற்புறுத்திக் கேட்டுத்தான் தந்தாள், ஆகவே அவளைக் கோபிக்க வேண்டாம். மூன்று வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். இது சுகம் விசாரிக்கும் கடிதம் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணர் விட்டுச்சென்ற புத்தகம் அச்சுக்குப் போகிறது. மலேரியா ஒழிப்பு வேலைக்காக நாங்கள் காட்மண்டுவில் இருந்த ஏழு வருடத்தில் அவர் திரட்டிய நேபாள அரச வம்சங்களின் வரலாறு. லிச்சவிகள், மல்லர்கள், ஷாக்கள், அரசரைப் பெயருக்கு வைத்துக்கொண்டு நூறு வருடத்துக்கு மேல் ஆண்ட ராணாப் பிரதமர்கள் என்று நான்கு பாகம், நான்கு வம்ச அட்டவணை. பெப்ரவரியில் அங்கே நடந்த முடிசூட்டு விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, இங்குள்ள ஒரு சிறிய பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியைக் கேட்டார். நான் முழுவதையும் இன்னொரு தடவை தட்டச்சுச் செய்து கொடுத்தேன். இப்போது அச்சுப்படிகள் வந்துவிட்டன.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். நான்காம் அட்டவணையில், ராணாக்களின் பகுதியில், நீ போய்வந்த அரண்மனையின் ஜெனரல் பெயருக்குப் பக்கத்தில் அவர் தன் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் பெருக்கல் குறிபோல் ஒரு புள்ளடி போட்டிருக்கிறார். உறுதிப்படுத்த வேண்டிய தகவல் என்று எடுத்துக்கொண்டேன். தாய்: பணிப்பெண். ஆதாரம்: ஹீராமாயா, வாய்மொழி, 1961. அப்படித்தான் அடிக்குறிப்பில் போட்டிருக்கிறேன். ஆதாரம் இல்லாமல் ஒரு வரியும் என் கையால் அச்சுக்குப் போகாது.

ஆகவே அந்த அட்டவணை வரும் நான்கு பக்கத்தையும் ஏப்ரல் 14ம் திகதி அந்த வீட்டு வேலைக்காரி ஹீராமாயாவுக்கே அனுப்பினேன். சரிபார்த்துக் கையொப்பமிட்டு அனுப்பும்படி ஒரு குறிப்பும் வைத்தேன். விலாசம் உன் அண்ணரின் நோட்டில் இருந்தது. இன்னும் பதில் இல்லை. அவளுடைய பெயரை ஆங்கிலத்தில் எழுதியது சரியா என்று நீ ஒரு வாரத்துக்குள் அறிவித்தால் போதும்.

மங்களேஸ்வரி விக்னராஜா


ஃபுட்ஸ்க்ரே, மெல்பேர்ன்
புதன்கிழமை

மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றபடியே வாசித்துவிட்டு, கதிரையைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தேன்.

ஹீராமாயாவுக்கு வாசிக்கத் தெரியாது, மச்சாள். தன் பெயரையே எழுதத் தெரியாது. ஆங்கிலத்தில் அச்சடித்த நான்கு பக்கத்தை அவள் யாரிடம் கொண்டு போவாள்? அந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஜெனரலும் அவருடைய மனைவியும் பேரப்பிள்ளைகளும்தான். அவள் கைக்கு அது போவதற்கு முன்பே வாசலில் பிரித்திருப்பார்கள்.

நீங்கள் எதை அனுப்பியிருக்கிறீர்கள் என்று உங்களுக்கு விளங்குகிறதா? ராணாக்களுக்குள்ளே ஏ, பீ, சீ என்று மூன்று வகுப்பு. சமமான குலத்தில் முறைப்படி மணம் முடித்தவளின் பிள்ளை ஏ. வைப்பாக இருந்தவளின் பிள்ளை சீ. முப்பத்திநாலாம் ஆண்டு சீ வகுப்பாரைப் பதவி வரிசையிலிருந்தே வெட்டி எறிந்தார்கள் என்று நீங்களே தட்டச்சுச் செய்திருக்கிறீர்கள். பதவி போய் இருபத்துநாலு வருடமாகிவிட்டது, ஆனால் கல்யாணச் சந்தையில் அந்த மூன்று எழுத்தும் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்த ஜெனரல் ஏ என்று ஊரெல்லாம் நம்பியிருக்கிறது. அவர் சீ என்று அச்சில் போட்டு, அதைச் சொன்னவள் இவள்தான் என்று அடிக்குறிப்பும் போட்டு, அவருடைய வாசலுக்கே அனுப்பியிருக்கிறீர்கள்.

ஹீராமாயாவுக்கு எழுபத்தெட்டு வயது. லாயத்துக்குப் பின்னால் ஒரு அறை, சமையல்கட்டிலிருந்து இரண்டு வேளைச் சோறு. அவளுக்கு இந்த உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை. நாளைக்கே வெளியே போ என்றால் அவள் எங்கே போவாள்? கிறிஸ்மஸுக்குக் காட்மண்டுப் பள்ளிக்கூடத்து சிஸ்டர் பேர்னதெத் எழுதிய அட்டையில், ஆனி மாதம் அந்த வீட்டுப் பேரனுக்குக் கல்யாணம் என்று இருந்தது. பெண் ஏ வகுப்பு வீடு.

அந்தப் புள்ளடி உறுதிப்படுத்துவதற்காகப் போட்டதல்ல. ஜெனரல் உயிரோடு இருக்கும்வரை அச்சில் வரக்கூடாது என்று ஹீராமாயா என்னிடம் சத்தியம் வாங்கினாள். நான் அண்ணரிடம் வாங்கினேன். அதற்கு அடையாளமாக அவர் போட்ட புள்ளடி அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எப்படி அனுப்பினீர்கள்? ஒட்டிய உறையிலா? உடனே எழுதுங்கள். இனி யாருடைய பெயரையும் எழுத வேண்டாம்.

வதனா


ஸ்ட்ராத்ஃபீல்ட்
10 மே 1975

வதனாவுக்கு,

உன் கடிதத்தில் திகதி இல்லை. முத்திரையைப் பார்த்து 7 என்று தெரிந்துகொண்டேன்.

புத்தகத் தபாலில் அனுப்பினேன். அச்சிட்ட தாள்கள் புத்தகத் தபாலில்தான் போகவேண்டும், அதிகாரிகள் பார்ப்பதற்காக உறையின் முனை திறந்திருக்க வேண்டும் என்பது விதி. ஒட்டினால் விதிமீறல். கன்னியர் மடத்தில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். ஆகவே திறந்துதான் இருந்தது. யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை தபாற்கந்தோருக்குப் போனேன். அங்கே ஒரு செம்பட்டைத் தலைப் பையன் இருந்தான். போன மாதம் அனுப்பிய பொதியைத் திருப்பி அழைக்க வேண்டும் என்றேன். "எங்கே போனது, லவ்?" என்று கேட்டான். நான் உனக்கு லவ் இல்லை, மிஸிஸ் விக்னராஜா என்றேன். காட்மண்டு என்றதும் பெரிய புத்தகம் ஒன்றைப் புரட்டினான். "விமானத்தில் போயிருந்தால் எப்போதோ சேர்ந்திருக்கும். இதில் ஒரு விண்ணப்பம் எழுதலாம், ஆனால் அது போய்ச் சேர மூன்று வாரம்" என்றான். விண்ணப்பத்தை எழுதினேன். விலாசத்தை இரண்டு தடவை எழுதவேண்டி வந்தது. அந்தப் பையன் புதுத் தாள் ஒன்று தந்தான். அவனை அதட்டியிருக்க வேண்டியதில்லை.

பாஸ்கர் செவன் ஹில்ஸிலிருந்து வேலை முடிந்து வந்து, நான் மேல்கோட்டைக் கழற்றாமல் குசினியில் நின்றதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆரும் செத்துப்போட்டினமோ?" என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன்.

வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை, வதனா. இத்தனை வம்சத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய ஒருத்திக்கு எழுத்துத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. ஒரு தடவைதான் அவளைப் பார்த்தேன். வெளியே படியில் நின்றாள். உள்ளே வா என்று நான் சொன்னதாக நினைவில்லை.

அரண்மனைக்கு ஒரு தந்தி அடிக்கட்டுமா? உன்னோடு தொலைபேசியில் பேசலாம் என்று யோகா சொல்கிறாள். பேசினால் எனக்குக் கோபம் வரும். எழுதினால் திருத்தலாம்.

மங்களேஸ்வரி


மெல்பேர்ன்
14 மே 1975 (இந்தமுறை திகதி போட்டிருக்கிறேன்)

மச்சாள்,

தந்தி வேண்டவே வேண்டாம். அதையும் வாசலில்தான் பிரிப்பார்கள். நான் சிஸ்டர் பேர்னதெத்துக்குத் தந்தி அடித்துவிட்டேன். ஹீராமாயாவைப் போய்ப் பாருங்கள், எப்படி இருக்கிறாள் என்று உடனே அறிவியுங்கள், அவ்வளவுதான். அந்தப் பள்ளியில் நான் படிப்பித்த காலத்திலிருந்தே சிஸ்டருக்கு அவளைத் தெரியும். ஆனால் அரண்மனையிலிருந்து மூன்று பிள்ளைகள் இப்போதும் அங்கே படிக்கிறார்கள். அவரும் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

நேற்றுப் பேப்பரில் சிக்கிமைப் பற்றி மறுபடியும் எழுதியிருந்தார்கள். போன மாதம் அங்கே ஒரு அரச வம்சமே வாக்குச்சீட்டில் முடிந்துபோயிற்று. பக்கத்து வீட்டில் கூரை எரிந்தால் இந்த வீட்டில் யாரும் சிரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எங்களுடைய பொதி போயிருக்கும் நேரத்தைப் பாருங்கள்.

அவள் எனக்கு அதைச் சொன்ன நாள் உங்களுக்குத் தெரியாது. நீங்களும் அண்ணரும் எல்லா அட்டவணைகளையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் லாயத்துக்குப் பின்னால் அவளோடு உட்கார்ந்து, முள்ளங்கி இலையைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தேன். அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். மூத்த ராணிக்குப் பிள்ளை இல்லை. நுவாகோட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது. பதினோராம் நாள் பெயர் வைக்கும் சடங்கில் அந்தப் பிள்ளையை எடுத்து ராணியின் மடியில் வைத்தார்கள். பெற்றவளைப் பல்லக்கில் கூட அல்ல, நடத்தியே மலைக்குத் திருப்பி அனுப்பினார்கள். பிள்ளையைத் தூக்கி வளர்க்கச் சொல்லி, அவளோடு வந்திருந்த பதினைந்து வயது ஹீராமாயாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "அவளுடைய பெயர் தில்குமாரி. இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. நான் செத்தால் பெயரும் செத்துவிடும். நீ எழுதி வை, அவன் இருக்கும்வரை யாருக்கும் காட்டாதே" என்றாள்.

நான் ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். நினைவிருக்கிறதா? அட்டவணையில் தில்குமாரி என்று எழுதுங்கள் என்றேன். நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கூடக் கழற்றவில்லை. "முறைப்படி கட்டாதவளுக்கு வம்ச அட்டவணையில் பெயர் வராது, வதனா. இது அடுப்படிக் கதை இல்லை, வரலாறு" என்றீர்கள். பணிப்பெண் என்று தட்டச்சுச் செய்தீர்கள்.

நேபாளத்தில் திகதியோடு கிடைத்த மிகப் பழைய கல்வெட்டு எது, மச்சாள்? சாங்குநாராயணன் கோயில் தூண். ஆயிரத்தைந்நூறு வருடம். அதில் மானதேவன் என்ற லிச்சவி ராசா தன் தாயின் பெயரை வெட்டுவித்திருக்கிறான். புருஷன் செத்ததும் உடன் சாகப் புறப்பட்ட ராஜ்யவதியை, மகன் அழுது மன்றாடித் தடுத்த கதை அது. முதலாவது பக்கத்திலேயே ஒரு தாயின் பெயரோடு தொடங்குகிற வரலாறு அது. நீங்கள்தான் அதையும் தட்டச்சுச் செய்தீர்கள், ஒரு பிழையும் இல்லாமல்.

தந்திக்குப் பதில் வந்ததும் எழுதுகிறேன்.

வதனா


ஸ்ட்ராத்ஃபீல்ட்
23 மே 1975

வதனாவுக்கு,

ஒன்பது நாளாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தந்திக்குப் பதில் வராததால் எழுதவில்லை என்று நினைக்கிறேன். வந்தது கெட்ட செய்தி என்றால் அதை வைத்துக்கொண்டு இருக்காதே. எனக்கு அறுபத்தாறு வயது. தாங்குவேன்.

தபால்காரன் பத்தரைக்கு வருவான். பத்து மணிக்கே நான் முன்கதவில் நிற்கிறேன். பக்கத்து வீட்டு மிஸிஸ் டோலன் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, மகனிடமிருந்தா எதிர்பார்க்கிறாய் என்று கேட்டாள். மகன் என்னோடுதான் இருக்கிறான் என்றேன். அப்படியானால் யார் என்றாள். நான் தெருமுனையைப் பார்த்தேன்.

பதிப்பாளரிடம் போய் நான்காம் அட்டவணையை எடுத்துவிடச் சொன்னேன். "மிஸிஸ் விக்னராஜா, எல்லாரும் வாங்கப்போவதே அந்த அட்டவணைக்காகத்தான்" என்றார். அதை வாங்குபவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அதற்குள் இருப்பவர்களைப் பற்றித்தான் கவலை என்றேன். ஜூலை கடைசிவரை பொறுக்கிறேன் என்றார்.

யோகா ஞாயிற்றுக்கிழமை தோசைமா கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மங்களக்கா, நான் சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ. உங்களுக்குக் காற்புள்ளி ஒண்டு தவறினா வலிக்கும், ஆள் தவறினா வலிக்காது" என்றாள். அவள் போன பிறகும் அந்தப் பேச்சுப் போகவில்லை.

நீ எழுதியது உண்மை. நான் சொன்னேன். அந்த வார்த்தைகள் அப்படியே நினைவிருக்கின்றன. அதைச் சொன்னபோது வரலாற்றைப் பற்றி மட்டும்தான் பேசினேன் என்று இவ்வளவு நாளும் நம்பியிருந்தேன்.

ஒன்று கேட்கிறேன். உன்னை வளர்த்துப் படிப்பித்தவர் அவர். அவருடைய செத்தவீட்டுக்கு நீ வரவில்லை. ஒரு தந்தி கூட இல்லை. அந்தக் கோபத்தில்தான் நானும் எழுதாமல் இருந்தேன். ஏன் வரவில்லை?

மங்களேஸ்வரி


மெல்பேர்ன்
30 மே 1975

மச்சாள்,

முதலில் செய்தி. நேற்றுப் பின்னேரம் தந்தி வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "பொதி வீட்டுக்குப் போய்விட்டது. எனக்கு வாசல் திறக்கவில்லை. அவளைப் பார்க்க முடியவில்லை. செபியுங்கள். பேர்னதெத்."

இருபது வருடமாக அந்த வாசல் சிஸ்டருக்கு மூடியதே இல்லை. நான் பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகங்களை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு பிள்ளை வந்து, மிஸ், இது தலைகீழாக இருக்கிறது என்றது. அந்தத் தட்டு முழுவதும் தலைகீழாக இருந்தது.

இப்போது உங்கள் கேள்வி. கொழும்புப் பேப்பர் எனக்கு இங்கே மூன்று வாரம் கழித்துத்தான் வரும். அண்ணர் போன செய்தியை நான் அதில்தான் பார்த்தேன். எனக்குத் தந்தி அடிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த மரண அறிவித்தலை எழுதியது நீங்கள். எழுத்து நடையே சொன்னது. "காலஞ்சென்ற சட்டத்தரணி தம்பதிகளின் சிரேஷ்ட புத்திரரும், மங்களேஸ்வரியின் அன்புக் கணவரும், பாஸ்கரின் பாசமிகு தந்தையும், கல்யாணி, காலஞ்சென்ற கிருஷ்ணசாமி ஆகியோரின் சகோதரரும்." அடுத்தது மைத்துனர்மார். அடுத்தது மருமக்கள். நாலாம் தலைமுறை வரை தேடிப்பிடித்துப் போட்டிருந்தீர்கள். மூன்று தடவை வாசித்தேன். என் பெயர் இல்லை. "இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும்" என்று முடிந்திருந்தது. உறவினர் என்றால் நான் அதில் அடக்கமா இல்லையா என்று யோசித்தேன்.

யாரும் விட்டுப்போன பிழை அல்ல அது. உங்கள் கையால் எதுவும் விட்டுப்போகாது.

ஐயா என் அம்மாவுக்கு முறைப்படி தாலி கட்டவில்லை. அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். வளவுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். பெரிய வீட்டார் எல்லோரும் என் அம்மாவைப் "பின்வளவு" என்றுதான் சொன்னீர்கள். பின்வளவுக்குச் சோறு போயிற்றா? பின்வளவுக்கு இருமல். அண்ணர் ஒருவர்தான் வந்து எங்கள் படியில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். அவர்தான் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார், காட்மண்டுவுக்கும் கூட்டிப்போனார். தில்குமாரியின் பெயரை எழுதுங்கள் என்று நான் ஏன் அவ்வளவு மன்றாடினேன் என்று அன்றைக்கு உங்களுக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது. அதனால்தான் புள்ளடி.

ராணாக்களிடம் மூன்று எழுத்தாவது இருந்தது. நாங்கள் எழுத்தே இல்லாமல் அதைச் செய்துகொண்டோம்.

அவ்வளவுதான். இப்போது எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. ஹீராமாயா எங்கே படுக்கிறாள் என்று தெரிந்தால் போதும். காட்மண்டுவில் மழை தொடங்கும் காலம்.

வதனா


ஸ்ட்ராத்ஃபீல்ட்
6 ஜூன் 1975

வதனாவுக்கு,

உன் கடிதத்துக்கு இப்போது பதில் எழுதமாட்டேன். எழுதினால் ஒழுங்காக எழுத வேண்டும். முதலில் அவளுடைய காரியம்.

நான் ஜெனரலுக்கு எழுதிவிட்டேன். பதிவுத் தபாலில், நன்றாக ஒட்டி. உன்னைக் கேட்காமல் எழுதினேன். கேட்டால் மறுப்பாய் என்று தெரியும். இதுதான் எழுதினேன்: "தங்கள் இல்லத்துக்கு வந்த தாள்களில் ஹீராமாயா என்ற பெயர் என் தட்டச்சுப் பிழையால் வந்தது. என் கணவருடைய குறிப்புகளை நான் குழப்பிவிட்டேன். அந்த முதியவளுக்கும் அந்தத் தகவலுக்கும் தொடர்பில்லை. தவறு முழுவதும் என்னுடையது. நான்காம் அட்டவணை அச்சில் வராது."

அறுபத்தாறு வயதில் ஒரு முழுப் பொய் எழுதியிருக்கிறேன். அதைவிட, என் தட்டச்சில் பிழை இருக்கிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதியிருக்கிறேன். மதர் சுப்பீரியர் உயிரோடு இருந்தால் இதில் எதற்கு அதிகம் கோபிப்பார் என்று தெரியவில்லை.

அவர் நம்புவாரா? நம்பாவிட்டால், அந்தக் கடிதமே அவளுக்கு இன்னொரு சாட்சியாகப் போய்விடுமா? அனுப்பிய பிறகுதான் அப்படி ஒரு யோசனை வந்தது. திரும்பித் தபாற்கந்தோருக்குப் போனேன். பை போய்விட்டது. அந்தச் செம்பட்டைத் தலைப் பையன், "மறுபடியும் காட்மண்டுவா, மிஸிஸ் விக்னராஜா?" என்றான். பெயரைச் சரியாகச் சொன்னான்.

என்ன தெரிந்தாலும் உடனே எழுது. திகதி போடாவிட்டாலும் பரவாயில்லை.

மங்களேஸ்வரி


மெல்பேர்ன்
25 ஜூன் 1975

அன்புள்ள மச்சாள்,

அவள் தன் அறையில்தான் இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

சிஸ்டரின் நீண்ட கடிதம் இன்று வந்தது. பொதியை முதலில் பிரித்தது ஜெனரலின் மனைவி. அன்றைக்கே லாயத்து அறையைப் பூட்டி, ஹீராமாயாவை மலைக்கு அனுப்ப ஜீப்புக்குச் சொல்லிவிட்டார். அவள் தன் பித்தளைச் செம்பையும் ஒரு சால்வையையும் கட்டிக்கொண்டு இரண்டு நாள் வாசல் கொட்டகையில் இருந்திருக்கிறாள். ஏன் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. காதும் இப்போது கேட்காது. இரண்டாம் நாள் ஜெனரல் வந்து, அறையைத் திறக்கச் சொல்லி, அவளைத் திரும்ப உள்ளே விட்டார். வாசலையும் மூடச் சொன்னார். சிஸ்டர் போனது அந்த நாட்களில்தான். நான்கு கிழமை அப்படியே போயிற்று.

பிறகு உங்கள் கடிதம் போயிருக்கிறது. அதை வாசித்த அன்று மத்தியானம் அவர் அச்சுப்படியையும் கையில் எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் பின்னால் போனார். சமையற்காரன் பார்த்துக்கொண்டிருந்து சிஸ்டரிடம் சொன்னது இது. அறுபத்துமூன்று வயது மனிதர், முள்ளங்கி இலைப் பாயில் உட்கார்ந்து, அவள் காதுக்குள் கத்தினாராம்: "தூதி, என் அம்மாவின் பெயர் என்ன?" தூதி என்றால் தூக்கி வளர்த்தவள். அவள் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். திரும்பவும் கத்தினார். லாயத்தில் குதிரைக்காரர்கள் எல்லோருக்கும் கேட்டது. அவள் சொன்னாள். அறுபத்துமூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயரை அவளும் கத்தித்தான் சொன்னாள். காது கேட்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுதமாட்டேன். மனைவி இப்போது அவளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. சோறு பழைய தட்டில் வருவதில்லை, இலையில் வைத்துப் படியில் வைக்கிறார்கள். கல்யாணம் நடக்கும் என்கிறார்கள், பெண் வீட்டாருக்கு ஜெனரல் சொன்னாரா என்று சிஸ்டருக்குத் தெரியாது. ஆனால் அறைக்குப் புதுத் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள்.

உங்கள் பொய்யைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

வதனா


ஸ்ட்ராத்ஃபீல்ட்
3 ஜூலை 1975

அன்புள்ள வதனாவுக்கு,

நேற்றுப் பத்தரைக்கு என் அச்சுப்படிகள் திரும்பி வந்தன. ஒட்டிய உறை. முத்திரையும் அரக்கும். நான் அதை மேசையில் வைத்துவிட்டு, ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்த பிறகுதான் பிரித்தேன்.

மூன்று பக்கத்தில் ஒரு கீறலும் இல்லை. நான்காம் பக்கத்தில், கறுப்பு மையில், கல்கத்தாவில் படித்தவர்களின் அழகான கையெழுத்தில், "பணிப்பெண்" என்பதை ஒரு கோட்டால் வெட்டி, மேலே "தில்குமாரி, நுவாகோட்" என்று எழுதியிருக்கிறார். அடிக்குறிப்பில் ஹீராமாயாவின் பெயரைத் தொடவில்லை. அதற்குப் பக்கத்தில் சரி என்று ஒரு சிறு அடையாளம். கீழே மூன்று வரி. மொழிபெயர்த்து எழுதுகிறேன்:

"அம்மையீர், தங்கள் தட்டச்சில் பிழை எதையும் நான் காணவில்லை. ஒரு விடுபடுதல் மட்டும் இருந்தது. தேவையானால் என் பெயரை எடுத்துவிடலாம், இந்தப் பெயரை விடவேண்டாம்."

பதிப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஜெனரலின் பெயர் இருந்த இடம் வெறுமையாக இருக்கும். தாயின் பெயரும் ஆதாரமும் இருக்கும். இப்படி ஒரு அட்டவணை இருக்க முடியுமா என்று அவர் கேட்டார். இனிமேல் இருக்கும் என்றேன். நூலின் முன்பக்கத்தில் உன் அண்ணரின் பெயருக்குக் கீழே உன் பெயரும் வருகிறது. பாதித் தகவலைத் திரட்டியது நீ. அதை அன்றைக்கே செய்திருக்க வேண்டும்.

இப்போது உன் மே 30ம் திகதிக் கடிதத்துக்குப் பதில்.

நீ எழுதியது சரி. அது விட்டுப்போன பிழை அல்ல. பேனையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து, எழுதாமல் விட்டேன். கல்யாணி என் பக்கத்தில் இருந்து, "அண்ணி, பின்வளவாளின்ர பெட்டையையும் போடுறதோ?" என்று கேட்டாள். தேவையில்லை என்றேன். தந்தி அடிக்காததும் நான்தான். இதற்கு மேல் விளக்கம் எழுதினால் அது என்னைக் காப்பாற்றுவதற்காக எழுதியதாகிவிடும்.

ஜூலை 26 அவருக்கு மூன்றாம் ஆண்டுத் திவசம். அதே கொழும்புப் பேப்பருக்கு நினைவு அறிவித்தல் எழுதியிருக்கிறேன். படியை இதனுடன் வைத்திருக்கிறேன். வாசித்துத் திருத்து. "கல்யாணி, சந்திரவதனா, காலஞ்சென்ற கிருஷ்ணசாமி ஆகியோரின் சகோதரரும்" என்று போட்டிருக்கிறேன். வயதின்படி அதுதான் ஒழுங்கு. கல்யாணி கோபிப்பாள். கோபிக்கட்டும்.

உன் பெயருக்குப் பிறகு, யாருடைய மகள் என்று எழுதுவதற்கு ஒரு இடம் விட்டிருக்கிறேன். நினைவு அறிவித்தலில் அப்படிப் போடும் வழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். தகப்பனாரின் பெயரை நானே எழுதிவிட்டேன். பக்கத்தில் எழுதப் பேனையை எடுத்தபோதுதான் தெரிந்தது, வதனா, அந்த வீட்டில் இருபது வருடம் இருந்திருக்கிறேன், உன் அம்மாவுக்குச் சோறு அனுப்பியிருக்கிறேன், இருமலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன், அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஒருநாளும் கேட்கவில்லை.

ஆதாரம் நீதான். எழுத்துப் பிழையில்லாமல், 12ம் திகதிக்குள், எழுதி அனுப்பு.

மச்சாள்